கொட்டாம்பட்டி வழியாகக் கொடைக்கானல்

என் அருமை மாப்ள அருளுக்கு,

முதலில் என் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நீ போனபின் கொட்டாம்பட்டியில் உன் மரங்களுக்குத் தண்ணீர் ஊற்றுவது நான்தான். போன வருடம் நட்ட இலுப்பைக் கன்றை ஏதோ ஓர் ஆடு தின்றுவிட்டுப் புழுக்கையையும் போட்டுப் போயிருக்கிறது. அதே குழியில் ஒன்று முளைத்தது. இலுப்பைதான் மறுபடி தழைக்கிறது என்று குடம் குடமாக ஊற்றினேன். முள் குத்தியும் சந்தேகம் வரவில்லை. காலேஜ் லீவில் வந்த என் மகள்தான் கண்டுபிடித்தாள்.

"அப்பா, இம்புட்டு நாளா சீமைக்கருவேலத்துக்கா தண்ணி ஊத்துனீங்க? ஊரே அதை வேரோட பிடுங்குது, நீங்க வளக்குறீங்க!"

பத்தாவதோடு நின்ற டயர் கடைக்காரனுக்கு ரப்பர் தெரியும். இலை தெரியுமா?

பசுமலைப் பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்த உனக்கு மட்டும் அந்த யோசனை எங்கிருந்து வந்தது? காலாண்டு லீவுக்கு நம் இரு குடும்பமும் வேனில் டூர் கிளம்பினால், முதலில் உன் கொட்டாம்பட்டி நிலத்தில் ஆளுக்கொரு நாட்டு மரம் நட வேண்டும். வண்டி விடும் புகைக்கு அது ஈடு என்பாய். கொடைக்கானல் மேற்கே இருக்கும், நம் வேன் வடக்கே போகும்.

"இங்க வந்துபோற புகைக்கு யாரு மாப்ள நடுறது?" என்று ஒருதடவை கேட்டேன்.

"அதுக்குத்தான் மச்சான் உனக்கு ரெண்டு குழி. தோண்டு."

"நட்டுட்டா சரியாப்போச்சா?"

"எங்க சரியாப்போகுது? அம்புட்டுப் புகையும் இது குடிச்சு முடிக்க நம்ம ஆயுசு பத்தாது. தண்ணி ஊத்திக்கிட்டே இருக்கணும்."

சொன்னபடியே செய்தாய். கோடையில் ஞாயிறு பூசை முடிந்ததும் பஸ் ஏறிப் போய், பக்கத்து வயல் மோட்டாரில் பிடித்து ஒவ்வொன்றுக்கும் ஊற்றுவாய். இப்போது உன் புங்கை நிழலில் வேனையே நிறுத்தலாம்.

ஆனால் உன் மனைவி ஸ்டெல்லா தங்கச்சி, நீ கண்ணை மூடியதிலிருந்து எங்கேயும் வருவதில்லை. இந்தக் காலாண்டு லீவுக்குக் கூப்பிட்டபோதும் மறுத்தாள்.

"அவுக இல்லாம என்னண்ணே டூரு? நீங்க போயிட்டு வாங்க."

"டூருக்கு வேணாம்மா. கன்னு நட மட்டும் வா" என்றேன்.

வந்தாள். ஒரு நாவல் கன்றை நட்டு, கையாலேயே மண்ணை அழுத்தினாள். வேன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு என் மகள் காத்திருந்தாள்.

"வீட்டுல கொண்டுவந்து விடவாம்மா?" என்று கேட்டேன்.

கையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "நட்டாச்சுல்லண்ணே. இனி போகலேன்னா, இது எந்தப் புகையக் குடிக்கும்?"

சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தாள். அசந்துபோனேன் மாப்ள. உன் பேச்சு அப்படியே அவளிடம் இருக்கிறது.

அந்த நாவல் காய்க்கும்வரை பஸ் ஏறிப் போய் ஊற்றுவேன். இது சத்தியம்.

தங்கச்சியை வெளியே கூட்டிவந்த புண்ணியவான் நான்தான் என்று வேனில் எல்லோரும் பாராட்டினார்கள். நானும் தலையை ஆட்டிக்கொண்டேன். அவள் மட்டும் வரமாட்டேன் என்றிருந்தால், அதையே சாக்காக வைத்து நானும் வீட்டுக்குத் திரும்பியிருப்பேன். நீ இல்லாத வேனில் ஏற எனக்குத் தைரியம் இல்லை. அதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

உன் மச்சான்,
பாண்டி