மாற்றி மாட்டிய கம்பி

இன்று மதியம் தி. நகர் ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு, கல்லாவிலிருந்த சோம்பில் ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டேன். உடனே நீ வந்து நின்றாய். நீ போய் ஆறு மாதமாகிறது.

சைதாப்பேட்டைப் பள்ளியில் நமக்கு ஒரே பெஞ்சு. பத்தாவதோடு நீ உன் அத்தாவின் முலாம் பட்டறைக்குப் போய்விட்டாய். நான் படித்துக்கொண்டே இருந்தேன், தொண்ணூறுகளின் நடுவில் அடையாற்றில் ஆராய்ச்சி மாணவனாகும் வரைக்கும். "இன்னா மச்சி, இன்னும் படிச்சிக்கினு கீறியா?" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்பாய்.

சோம்பு மணக்கும் ஒரு சேர்மத்தைத் தயாரிப்பதுதான் என் வேலை. வழக்கமாக அதற்குக் குரோமிய உப்பைக் கொட்டுவார்கள். மிஞ்சும் விஷக் கழிவை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியாது. உப்பே வேண்டாம், மின்சாரத்தை வைத்தே செய்துவிடலாம் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். அதற்குக் காரணம் நீதான். உன் பட்டறைத் தொட்டியிலும் அதே குரோமியம். அதன் ஆவி உன் மூக்கின் நடுச்சுவரில் ஓட்டை போட்டிருந்தது. அதில் விசில் வருகிறது பார் என்று நீ ஊதிக் காட்டியபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆனால் மின்சாரம் பாய்ச்ச நான் கரைசலில் முக்கிவைத்த கரிக்கம்பியில் இரண்டு மணி நேரத்தில் பிசின் மாதிரி ஒரு படலம் படிந்து, மின்சாரம் படுத்துவிடும். வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் பழைய உப்புக்கே போய்விடு என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். எங்கள் கருவிமேல் சந்தேகப்பட்டு, வியாழக்கிழமை உன் பட்டறைத் தொட்டிக்கு மின்சாரம் கொடுக்கும் ரெக்டிஃபையரைக் கேட்டேன். ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வந்தாய்.

"இதுல ஜாப் எது?" என்றாய். படலம் படிந்து கிடந்த கரிக்கம்பியைக் காட்டினேன். மாட்டிவிட்டாய். பத்து நிமிஷம் கழித்துத்தான் கவனித்தேன். உங்கள் பட்டறையில் முலாம் பூசும் பொருளுக்குத்தான் ஜாப் என்று பேர். அது எப்போதும் மைனஸில் தொங்கும். எனக்கு வேண்டியதோ பிளஸ். எல்லாம் போச்சு, இதுகூடத் தெரியாதவன் எதற்கு வந்தாய் என்று வாயில் வந்ததையெல்லாம் கத்தினேன். நீ கம்பிகளை மாற்றி மாட்டினாய்.

மின்சாரத்தை அளக்கும் அம்மீட்டர் முள், புதுக் கரிக்கம்பியில் ஏறுகிற அளவுக்கு ஏறி நின்றது.

"உல்டா குடுத்தா அழுக்கு உரிஞ்சிடும். நாங்க ஜாப்ப கழுவ அப்டித்தான் பண்ணுவோம். உனுக்குத் தெரியாதா?" என்றாய். எனக்குத் தெரியாது. அரை மணிக்கொரு தரம் ஒரு நிமிஷம் உல்டா கொடுத்துக்கொண்டே இருந்தோம். சாயங்காலம் வரை முள் இறங்கவில்லை. அறை முழுக்கச் சோம்பு வாசனை. மறுநாள் பேராசிரியர் மோந்து பார்த்துவிட்டு, குரோமிய பாட்டிலை எடுத்து அலமாரியில் வைக்கச் சொன்னார்.

ஆய்வேட்டில் அதைத் 'தற்செயலாகக் கண்டது' என்று எழுதினேன். உன் பெயரைப் போடட்டுமா என்று கேட்டபோது, தப்பாக மாட்டினவன் பேரையா போடுவாய் என்று சிரித்தாய். நானும் விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது. நீ இருக்கும்போதே செய்திருக்க வேண்டியதை இப்போது செய்கிறேன்: நான் எடுக்கும் வகுப்பில் அந்தப் பாடம் வந்தால் முதலில் கரும்பலகையில் உன் முழுப்பெயரை எழுதுகிறேன். நான் பிழைத்தது உன்னால்தான் என்றும் சொல்கிறேன்.

போன வாரம் ஒரு மாணவி, "இவர் எந்த யூனிவர்சிட்டி சார்?" என்று கேட்டாள்.

"சைதாப்பேட்டை" என்றேன். அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.