லாபம், ரெண்டு, மூணு

பிப்ரவரி 12, வியாழன்

கோபம் இன்னும் அடங்கவில்லை.

பெங்களூர் கம்பெனி வேலைக்கு ஆன்லைன் இன்டர்வியூவின் நான்காவது ரவுண்டு இன்று. பக்கத்தில் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை என்று தெரிய, லேப்டாப்பைத் தூக்கி அறை முழுக்க, கட்டிலுக்கு அடியில்கூடக் காட்டச் சொன்னான் இன்டர்வியூ எடுத்தவன். காட்டினேன். பிறகு கணக்கைக் கொடுத்தான்: ஒரு பங்கின் தினசரி விலைகளை வைத்து அதிகபட்ச லாபத்தைக் கண்டுபிடிக்கும் புரோகிராம். பாதிக்கு மேல் எழுதிவிட்டேன். அந்த நேரம் பார்த்து வாசலில் டிராக்டரில் நெல் மூட்டை ஏற்றினார்கள். அப்பா உரக்க எண்ணினார். "லாபம்... ரெண்டு... மூணு..."

"யாருங்க பின்னாடி ஆன்சர் சொல்றது?" என்றான். தமிழ்க்காரன்தான்.

"எங்கப்பாங்க. மூட்டை எண்ணுறாரு. நெல்லு எண்ணும்போது ஒண்ணுன்னு சொல்ல மாட்டோம், லாபம்னுதான் ஆரம்பிப்போம்."

"நல்லா கதை விடுறீங்க." சிரித்துக்கொண்டே கட் செய்துவிட்டான். சாயங்காலம் மெயில் வந்தது. முறைகேடாம். இனிமேல் நான் அங்கே விண்ணப்பிக்கவே கூடாதாம்.

மூன்று ரவுண்டு தாண்டி வந்தவளுக்கு லாபம் என்ற ஒரு சொல்லை அப்பா வந்து எடுத்துக் கொடுக்க வேண்டுமா? அந்தச் சொல் உன் கேள்வியிலேயே இருக்கிறதே, முட்டாள்! சோறு தின்கிறவன்தானே நீயும்?

சாப்பிடும்போது அப்பா கேட்டார். "என்னம்மா, இன்டர்வியூ என்ன ஆச்சு?"

"நெட் போயிடுச்சுப்பா" என்றேன்.

உண்மையைச் சொன்னால், அடுத்த லோடுக்கு அந்த மனுஷன் ஒன்று என்று எண்ண ஆரம்பித்துவிடுவார்.