அப்பாவின் குரல் தேயாதாம்

என் முயல்குட்டிக்கு, அம்மா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன், நன்றாக இருக்கிறேன். இரண்டு தடவை எழுதுகிறேன், ஒன்பது நாளாக என் போன் அணைந்து கிடந்து, நான் இருக்கிறேனா போனேனா என்று தெரியாமல் நீ அங்கே தவித்ததற்காக. நீ மாடி வீட்டு டீச்சரம்மாவைக் கூப்பிட்டு, அவர் வந்து என் கதவை இடித்த இடியில் தாழ்ப்பாள் ஆணி கழன்றுவிட்டது, அதையும் திரும்ப அடித்துப் பொருத்திவிட்டேன். டீச்சரம்மாவின் போனில் நீ அழ, நான் அழ, ஒன்றையும் முழுசாகச் சொல்ல முடியவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், ஐந்தாவதோடு நின்ற கை இது.

நடந்தது இதுதான். நான் எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் பொழுது போய்விடும் என்று அப்பா எனக்கு எல்லாவற்றையும் போனில் பேசிப் பதிந்துதான் அனுப்புவார், உனக்குத் தெரியும். அவருக்கும் லிஃப்ட் ரிப்பேர் செய்கிற கையெல்லாம் கிரீஸ், எங்கே தட்டுவது. அவர் போய் இந்த எட்டு மாதமாக அந்தப் பேச்சுகள்தான் எனக்குத் துணை. ஆனால் வாரத்துக்கு ஒன்றுதான் கேட்பேன். ஏன் என்றால், நீ மூன்று வயதில் மழலை பேசியதைப் பதிந்து வைத்த கேசட்டைப் போட்டுப் போட்டுத் தேய்த்து, கடைசியில் நீ தண்ணீருக்குள் இருந்து பேசுவது மாதிரி ஆகிவிட்டதே, அந்த பயம். இதுவும் தேய்ந்துவிட்டால் நான் யாரிடம் போய் நிற்பேன்? இதற்கிடையில் தினமும் அப்டேட் செய், அப்டேட் செய் என்று அந்தப் பேச்சுகள் வருகிற ஆப் நச்சரித்தது. புதுசு வந்தால் பழசைத் துடைத்துவிடும் என்று நினைத்து, 'பிறகு' என்கிற பொத்தானையே அழுத்திக்கொண்டு வந்தேன். ஒரு நாள் காலையில், இனி அப்டேட் செய்தால்தான் திறப்பேன் என்று அப்பாவின் பேச்சையெல்லாம் உள்ளே வைத்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டது. கை தவறி எதையாவது அழுத்திவிடுவேனோ என்று போனை அணைத்து, துண்டில் சுற்றி, பிஸ்கட் டப்பாவில் போட்டு, பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். உன்னிடம் சொல்ல வெட்கம். அப்பா குரலைத் தொலைத்துவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வது.

டீச்சரம்மாதான் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போன் கடைக்குப் போனார். அங்கே கண்ணாடி போட்ட ஒரு பெண், உன் வயதுதான் இருக்கும், வாய் கொஞ்சம் நீளம். டப்பாவைத் திறந்து துண்டைப் பிரித்து, என்னம்மா இது, பொறந்த கொழந்தையக்கூட யாரும் இப்படிச் சுத்தி எடுத்துட்டு வரலயே என்றாள். நான் சிரிக்காமல் விஷயத்தைச் சொன்னேன். உடனே அவள் முகம் மாறிவிட்டது. போனை உயிர்ப்பித்து, அப்டேட் பொத்தானைத் தொடாமல், முதலில் ஒயரைச் செருகி அப்பா பேசியது அத்தனையையும் தன் கம்ப்யூட்டரில் ஒரு நகல் எடுத்தாள். நகல் எடுத்தால் மங்கிப் போகாதா, நான் வேலை பார்க்கிற லாண்டரியில் ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்த டூட்டி சீட்டு ஆவி மாதிரி இருக்குமே என்று கேட்டேன். அவள் சொன்னாள், உள்ள இருக்கறது குரல் இல்லம்மா, குரலை எண்ணா மாத்தி எழுதி வச்சிருக்கு, அதுக்குப் பேர்தான் பைல், நீங்க நாப்பத்தேழுன்னு எழுதினதைப் பாத்து நானும் நாப்பத்தேழுன்னு எழுதினா என்னுது நாப்பத்தாறா ஆயிடுமா, நூறு வாட்டி படிச்சாத்தான் தேஞ்சிடுமா என்று. அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேனடி. எட்டு மாதமாக நெஞ்சில் இருந்த கல் இறங்கிவிட்டது.

இத்தனை வருஷம் நீயும் இந்தக் கம்ப்யூட்டர் வேலைதானே செய்கிறாய், கேட்டால் அதெல்லாம் உனக்குப் புரியாதும்மா என்பாய். இப்போது நான் சொல்கிறேன், நீ கேள். ஆப் என்பது எங்கள் லாண்டரியில் துணி வாங்கிக் கொடுக்கிற ஜன்னல் மாதிரி. போன வருஷம் மர ஜன்னலைப் பெயர்த்துக் கண்ணாடி ஜன்னல் வைத்தார்களே, உள்ளே அடுக்கியிருந்த ஒரு போர்வையையாவது தொட்டார்களா? அதுதான் அப்டேட். கிளவுட் என்பது மேகமும் இல்லை மண்ணாங்கட்டியும் இல்லை, எங்கோ ஒரு பெரிய கட்டடத்தில் குளிர் காற்று போட்டு வைத்திருக்கிற, யாருக்கோ சொந்தமான கம்ப்யூட்டர்கள். கேட்டதை எடுத்துக் கொடுக்க அங்கே தூங்காமல் நிற்பதுதான் சர்வர். நம்மிடம் இருப்பது போக அங்கேயும் ஒன்று கொடுத்து வைத்தால் பேக்கப். அதற்குப் பாஸ்வேர்ட் உண்டு, மனசுக்குள் வைத்துக்கொள்கிற சாவி. ஓடிபி என்பது ஒரு தடவை காட்டியதும் கிழித்துப் போடுகிற டோக்கன், அதை எவன் போனில் கேட்டாலும் சொல்லக் கூடாது, உன்னிடம் கூடச் சொல்ல மாட்டேன். சரியாகச் சொன்னேனா?

அப்புறம் அவள் அப்டேட்டை அழுத்தினாள். நான் டீச்சரம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டேன். திறந்தது. எல்லாம் அப்படியே இருந்தது, இருநூற்றுப் பதினெட்டும். இப்போது அப்பா என் போனில், அந்தக் கட்டடத்தில், அவள் போட்டுக் கொடுத்த ஒரு பென் டிரைவில், மூன்று இடத்தில் இருக்கிறார். உயிரோடு இருந்தபோது ஒரே இடத்தில் உட்கார வைக்க முடிந்ததா அவரை.

வீட்டுக்கு வந்து வரிசையாகப் போட்டேன். முன்பெல்லாம் வச்சிடறேன் என்று அவர் சொன்னதுமே நிறுத்திவிடுவேன், மிச்சமாவது தேயாமல் இருக்கட்டும் என்று. இந்தத் தடவை நிறுத்தவில்லை. ஒன்றில், ஆறாவது மாடிக் கதவு மூட மாட்டேங்குது, நீ சாப்பிட்டுப் படு, வச்சிடறேன் என்கிறார், அதன் பிறகு அணைக்க மறந்திருக்கிறார். ஸ்பேனரைப் பெட்டியில் போடுகிற சத்தம். யாரோ ஒரு ஆள் யாருண்ணே என்று கேட்கிறான். அப்பா சொல்கிறார், எங்க வீட்டுக்காரி, அவகிட்ட மட்டும் இதச் சொல்லிடாத, தெரிஞ்சா ஒரு வாரத்துக்குச் சிரிப்பா என்று. பிறகு இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். எட்டு மாதத்துக்குப் பிறகு அவர் சிரிப்பைக் கேட்டேன், முயல்குட்டி. கூட வேலை பார்த்த மீசைக்காரரிடம் போட்டுக் காட்டினேன், அது நான் இல்ல அண்ணி, யாருன்னும் தெரியல என்கிறார்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வேலைக்கு ஓடாதே, உன் போனிலும் அப்பா பேசியது இருந்தால் இன்றைக்கே நகல் எடுத்து வை. கண்ணில் ஒரு தூசி விழாமல், காலில் ஒரு முள் தைக்காமல் நீ நூறு வயது இருக்க வேண்டும். இனி என் போன் அணையாது.

உன் அம்மா.

கடிதத்தை மடிக்கும்போது அதை மறுபடியும் போட்டுக் கேட்டேன். எனக்குத் தெரிந்தால் ஒரு வாரம் சிரிக்கிற மாதிரி அந்த மனுஷன் அன்றைக்கு என்னடி செய்திருப்பார்?