இரண்டு முறை வாங்கிய வீடு

பிரிக்பீல்ட்ஸ்,
9 மார்ச் 2025

பவுனம்மாளுக்கு,

நான் நலம். உன் நலத்தைக் கேட்க வேண்டிய அவசியம் இல்லை. புது வீட்டுக்காரிக்கு என்ன குறை.

தாமரை நேற்று வந்து அழைப்பிதழைக் கொடுத்துவிட்டுப் போனாள். பெற்ற அப்பனுக்கு மகள் வாசலில் நின்று அழைப்பிதழ் நீட்டும் காலத்தையும் பார்த்துவிட்டேன். பிரித்தால், 'தங்கள் நல்வரவை விரும்பும் கார்த்திகேசு – பவுனம்மாள்' என்று தங்க நிற எழுத்து. யாரைக் கேட்டு என் பெயரைப் போட்டீர்கள்? நான் யாருடைய நல்வரவையும் விரும்பவில்லை. அச்சகத்தில் சொல்லி எடுத்துவிடு. மிச்சமும் அச்சாகிவிட்டதென்றால் பேனாவால் அடி.

இதைத் தொலைபேசியில் சொல்லமாட்டேன். நான் பேச ஆரம்பித்தால் நீ அதை மகளிடம் கொடுப்பாய். அவள், "விடுங்கப்பா, பழைய கதை லா," என்பாள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். பஸ்ஸில் டிக்கெட் கிழித்துக்கொண்டே பத்திரிகை படித்துக் கற்ற எழுத்து இது. எழுத்தில் வந்தால் அப்படி யாரும் தள்ளிவிட முடியாது.

பழைய கதையையே எழுதுகிறேன். தொண்ணூற்றாறில் தெலுக் பங்லிமா காராங்கில் செம்பனைத் தோட்டத்தை அழித்து வீடு கட்டுகிறோம் என்று ஒரு கம்பெனி விளம்பரம் செய்தது. நாம் இருவரும்தான் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்து முன்பதிவு செய்தோம். சுவர் தோள் உயரம் வந்தது. தொண்ணூற்றெட்டில் முதலாளி கம்பெனியை மூடிவிட்டு ஓடினான். சுவருக்குள் லாலான் புல் முளைத்தது. வங்கி மட்டும் தவணை கேட்க ஒரு மாதம்கூட நம்மை மறக்கவில்லை. ஏமாந்தவர்கள் சேர்ந்து சங்கம் வைத்தோம், என்னைத் தலைவனாக்கினார்கள். அதே நிலத்தில் நம் வீட்டைக் கட்டிக் கொடு, இன்னொரு காசு கேட்காதே. அன்றிலிருந்து என் வழக்கு இது ஒன்றுதான்.

சில வருடத்துக்கு முன் புதுக் கம்பெனி வேறு பெயர்ப் பலகையை மாட்டிக்கொண்டு வந்தது. பழைய ஆட்கள் வழக்கைக் கைவிட்டால் விலையில் சலுகையாம். என் நிலத்தை எனக்கே இரண்டாம் முறை விற்கிறான். வாங்கியது யார் என்று பார்த்தால் என் மனைவி.

பால் காய்ச்ச நான் வரமாட்டேன்.

கார்த்திகேசு

பி.கு.: மிளகு எங்கே இருக்கிறது?


தெலுக் பங்லிமா காராங்,
25 மார்ச் 2025

என் வீட்டுக்காரருக்குப் பவுனு வணங்கி எழுதுவது.

மிளகு, அடுப்புக்கு மேல் தட்டில் மைலோ டப்பாவில் இருக்கிறது. எப்போதும் அங்கேதான் இருந்தது.

பால் பொங்கியது. கிழக்குப் பக்கமாகத்தான் பொங்கியது. பக்கத்து வீட்டு நர்ஸ் கிறிஸ்டின் காலையிலேயே வந்து தேங்காய் துருவிக் கொடுத்தாள். குருக்கள் என்னை மணையில் உட்கார வைத்துவிட்டு, "வீட்டுக்காரர் எங்கம்மா?" என்று கேட்டார். "கோவமா இருக்காரு சாமி," என்றேன். "எப்போலேருந்து?" என்றார். "தொண்ணூத்தெட்டுலேருந்து," என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடைசியில் உங்கள் வேட்டி ஒன்றை மடித்து என் பக்கத்து மணையில் வைத்து அவர் பூசையை முடித்தார். அது என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் துரோகம் செய்துவிட்டதாகப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறீர்களாம். அப்படியென்றால் முழுவதையும் சொல்லுங்கள். மூன்று வருடத்துக்கு முன் கிள்ளான் மண்டபத்தில் சங்கக் கூட்டம் நடந்தது. புதுக் கம்பெனியோடு சமாதானமாகப் போகலாமா, வேண்டாமா என்று கை தூக்கச் சொன்னீர்கள். ஒரு வீட்டுக்கு ஒரு கை, பத்திரத்தில் யார் பெயர் முதலில் இருக்கிறதோ அவர்தான் தூக்க வேண்டும் என்று விதி எழுதியவர் நீங்கள். நம் வீட்டுக்கு முதல் பெயர் என்னுடையது. ஏன்? உங்களுக்குச் சனி நடக்கிறது, மண் ஒட்டாது, மனைவி பெயரை முன்னால் போடு என்று கிள்ளான் சோதிடர் சொன்னார். கல்யாணத்துக்குக்கூடப் பொருத்தம் பார்க்காத மனிதர் நீங்கள். அன்றைக்கு மட்டும் வாயை மூடிக்கொண்டு அவர் சொன்னபடி செய்தீர்கள்.

சமாதானத்துக்கு நான் கை தூக்கினேன். வரிசையாக எண்ணிக்கொண்டே வந்தவர் என் கையைப் பார்த்ததும் நின்றுவிட்டீர்கள். பிறகு அதையும் சேர்த்துத்தான் எண்ணினீர்கள். அந்த நேர்மைக்கு நான் இன்றும் தலை வணங்குவேன். அதற்குப் பிறகு ஒரே வீட்டுக்குள் மூன்று வருடம், "தாமரை, உங்கம்மாகிட்ட உப்பு இருக்கான்னு கேளு," என்று வாழ்ந்தோமே, அதற்குத்தான் என்னால் வணங்க முடியவில்லை.

ஏன் தூக்கினாய் என்று நீங்கள் ஒருநாளும் கேட்கவில்லை. பிரிக்பீல்ட்ஸில் சாமி படம் மாட்ட ஓர் ஆணி அடிக்க வேண்டுமென்றால் வீட்டு முதலாளிக்குப் போன் போட்டுக் கேட்க வேண்டும். அவர் வேண்டாம் என்பார். இங்கே வந்த அன்றைக்கே நான் ஆணி அடித்தேன். கோணலாகத்தான் போனது. அப்படியே விட்டிருக்கிறேன்.

தோசை மாவை வெளியே வைத்து மறந்துவிடாதீர்கள்.

பவுனு


பிரிக்பீல்ட்ஸ்,
6 ஏப்ரல் 2025

பவுனம்மாளுக்கு,

ஓர் ஆணிக்காகவா? கேட்டிருந்தால் அந்த ஆணியை நானே அடித்திருப்பேன். வீட்டு முதலாளி வந்து என்னைக் கேட்கட்டும் என்று அடித்திருப்பேன்.

வாலண்டைனை நீ மறந்துவிட்டாய். சங்கத்தின் பொருளாளர், ரயில்வேக்காரர் பிள்ளை, நம் தாமரைக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக் கொடுத்தவன். சொந்த வீட்டிலிருந்துதான் தன்னைத் தூக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வாடகை வீட்டில் படுத்துச் செத்தான். அதற்கு முன் ஆஸ்பத்திரியில் கையில் ஜெபமாலையோடு, "நீ விட்றாத கார்த்தி," என்றான். விடமாட்டேன் என்றேன். அப்போது நீயும் பக்கத்தில்தான் நின்றாய். அவனுக்குக் கஞ்சி கொண்டுவந்திருந்தாய்.

அவனுக்குக் கொடுத்த வார்த்தைக்கு எதிராக நீ கையைத் தூக்கினாய். வேட்டியைப் பக்கத்தில் உட்கார வைத்து எனக்கு வேடிக்கை எழுதுகிறாய்.

அந்த வேட்டியைத் திருப்பி அனுப்பு. இனி எழுதாதே.

கார்த்திகேசு


தெலுக் பங்லிமா காராங்,
13 ஜூலை 2025

வணக்கத்துக்குரியவருக்கு,

எழுதாதே என்றீர்கள், மூன்று மாதம் எழுதவில்லை. வாலண்டைன் அண்ணனை நான் மறக்கவில்லை. அவர் மனைவி சாந்தமேரியும் அன்று கை தூக்கினார். நீங்கள் என் கையை மட்டும்தான் பார்த்தீர்கள்.

இங்கே நிலைமை சரியில்லை. நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரிந்தும் எழுதுகிறேன். வெளியே போக ஒரே ஒரு சாலை. காலையில் தாமரை வேலைக்குக் காரை எடுத்தால் சமிக்ஞை விளக்கு வருவதற்குள் நான் சமையலையே முடித்துவிடுவேன். சுற்றிலும் தோட்டத்தைச் சுரண்டிக்கொண்டே இருக்கிறார்கள். மண் லோரிகள் ஓயவில்லை. வெள்ளைத் துணியைக் காயப்போட்டால் செம்மண் நிறத்தில் எடுக்கிறேன். பெரிய மழை வந்தால் கார் நிற்கும் இடம் வரை தண்ணீர் ஏறுகிறது. ஒருநாள் அதில் உடும்பு நீந்தி வந்தது.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். இப்போது வந்திருப்பதைப் பொறுக்க முடியவில்லை. விற்பனை அலுவலகத்தில் கண்ணாடிக்குள் ஊர் முழுவதையும் பொம்மை மாதிரி செய்து வைத்திருந்தார்கள். நம் வீட்டுக்கு எதிரே பச்சைத் துணி ஒட்டி, மேலே குட்டி மரங்கள். இது என்ன தம்பி என்று நான் விரலை வைத்துக் கேட்டேன். கென்னத் என்கிற அந்தப் பையன், "பூங்கா ஆன்டி, பேரப்பிள்ளைங்க விளையாடலாம்," என்றான். போன வாரம் அங்கே பலகை நட்டுவிட்டார்கள். முப்பது மாடி அடுக்குமாடி, இரண்டு கட்டடம். இப்போதே மண்ணைச் சோதிக்கிறோம் என்று இயந்திரம் வைத்துக் குத்துகிறார்கள். பின் சுவரில் கீறல் விட்டிருக்கிறது. கென்னத் வேறு கம்பெனிக்குப் போய்விட்டானாம்.

நகராண்மைக் கழகத்துக்கு எதிர்ப்பு எழுதலாம் என்கிறார்கள். எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. உங்களிடம் உதவி கேட்கவில்லை. செய்தி சொன்னேன்.

இரத்த அழுத்த மாத்திரை வாங்கினீர்களா?

பவுனு


பிரிக்பீல்ட்ஸ்,
17 ஜூலை 2025

பவுனம்மாளுக்கு,

நான் சொன்னேனே.

பச்சைத் துணியை நம்பி வீடு வாங்கியவள் நீ. போய் அந்தத் துணியிடமே கேள்.

பலகையைப் படம் எடுத்தீர்களா? எதிர்ப்பு தர எந்தத் தேதி வரை என்று அதன் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும். சுவர்க் கீறலைப் பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடு. இதை அக்கறையில் எழுதவில்லை. தப்பும் தவறுமாக நீ எழுதினால் என் பெயருக்கும் கேடு, அதனால் எழுதுகிறேன்.

கார்த்திகேசு


தெலுக் பங்லிமா காராங்,
24 ஆகஸ்ட் 2025

உங்களுக்கு,

நீங்கள் சொன்னதுபோலவே செய்து, தாமரை மலாயில் எழுதி, எங்கள் சாலையில் இருப்பவர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், செப்டம்பர் இருபத்து மூன்று. கம்பெனி வழக்கறிஞரோடு வருகிறது. எங்கள் பக்கத்தில் வாயைத் திறக்க ஆள் இல்லை. கிறிஸ்டின் என்னிடம், "ஆன்டி, அங்கிளக் கூப்புடுங்களேன், அவரு பெரிய சண்டக்காரராமே," என்றாள். எதிரே குடியிருக்கிறவர்கள் மட்டும்தான் பேசலாம், அவர் இங்கே குடியிருக்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.

நான்தான் பேசப் போகிறேன். நான் பேசினால் நடுவில் அழுதுவிடுவேன். நீங்கள் பேசினால் அவர்கள் அழுவார்கள். ஆனால் 'நான் சொன்னேனே' என்ற அந்த இரண்டு வார்த்தையைக் கடிதத்தில் படித்த அன்று முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. நீங்கள் சொன்னது சரியாகிவிட வேண்டும் என்பதற்காக என் சுவர் விரிய வேண்டுமா? வாலண்டைன் அண்ணன் கேட்டது வீடு. ஜெயிப்பதை அவர் கேட்கவில்லை.

அதைத் திரும்பச் சொல்வதற்கென்றால் வரவே வேண்டாம்.

பவுனம்மாள்


பிரிக்பீல்ட்ஸ்,
10 செப்டம்பர் 2025

பவுனுக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத இரண்டு தடவை உட்கார்ந்தேன். இரண்டையும் கிழித்தேன். அந்த இரண்டு வார்த்தையை இனி எழுதமாட்டேன். அவை பொய் என்று இதற்கு அர்த்தம் இல்லை.

சாந்தமேரியைப் போய்ப் பார்த்தேன். கை தூக்கினாயா என்று கேட்டேன். "தூக்குனேன் அண்ணே. உங்க மூஞ்சியப் பாத்துட்டு எறக்கலாம்னு நெனச்சேன், பவுனு அக்கா எறக்கல, நானும் எறக்கல," என்றார். தேநீர் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

விசாரணையில் நீ முதலில் பேசு. அழுகை வந்தால் அழு, அவர்களும் பார்க்கட்டும். மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். வழக்கறிஞர்களுக்கு முன்னால் இருபத்தேழு வருடம் நின்ற கால் இது. ஆனால் நீ ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். நான் அவர்களோடு சண்டை போட வருகிறேன். உன்னோடு போட்ட சண்டை முடிந்துவிட்டதாக எண்ணிக்கொள்ளாதே. வழக்கையும் நான் கைவிடவில்லை. முன் அறையில் பாய் போட்டுக்கொள்வேன்.

அங்கே குடியிருப்பவன்தான் பேசலாம் என்பதால் இன்று பதிவு இலாகாவுக்குப் போய் ஐ.சி. அடையாள அட்டையில் முகவரியை மாற்றினேன். தாமரை கொடுத்த மின்சாரக் கட்டண ரசீதை நீட்டினேன். அதில் உன் பெயர் இருந்தது. முகப்பில் இருந்த மலாய்க்காரப் பெண், இந்த வீடு யாருடையது பாக்சிக், மகன் வீடா என்று கேட்டாள். மனைவி வீடு என்றால் அந்த விற்பனையை நான் ஒத்துக்கொண்டதாக ஆகும். வாடகை வீடு என்றால் பொய். பின்னால் நின்றவன் இருமினான்.

"ரூமா சாயா," என்றேன். என் வீடு.

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தட்டினாள், கட்டைவிரலை வைக்கச் சொன்னாள், கொஞ்ச நேரத்தில் புது அட்டையை நீட்டினாள். இத்தனை வருடம் எந்த நீதிமன்றமும் எழுதித் தராததை அவள் உட்கார்ந்த இடத்திலேயே எழுதிக் கொடுத்துவிட்டாள். மோனோரயிலில் ஏறியும் அந்த அட்டையைச் சட்டைப்பையில் வைக்கவில்லை. வழக்கு இன்னும் முடியவில்லை என்பதால்தான் அப்படிச் சொன்னேன். நீ வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சனிக்கிழமை காலை வருகிறேன். கேட்டைத் திறந்து வை. என் வீட்டு வாசலில் நான் மணி அடித்துக்கொண்டு நிற்கமாட்டேன்.

கார்த்திகேசு