சிவப்பு அட்டையை எடுத்துவிட்டோம், அத்தான்

என் பிரியத்துக்குரிய சேவியர் அத்தானுக்கு,

ஹாலில் ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் இருக்கும் பிளக் பாயிண்டில் நீங்கள் கட்டிவைத்த சிவப்பு அட்டையைப் போன ஞாயிற்றுக்கிழமை காலை எடுத்துவிட்டோம். கோபப்படாதீர்கள். முப்பது வருடமாகச் செய்தி எழுதுகிறவன் நான். நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன்.

அட்டையில் உங்கள் கையெழுத்தில் இருந்தது இதுதான்: 'வேலை நடக்கிறது. தொடாதே. இன்டர்நெட் பாட்டுக்குத் தனி எர்த். சேவியர், மெயின்டனன்ஸ்.' நீங்களும் அக்காவும் மட்டுமே இருந்த வீட்டில், தொழிற்சாலை அட்டை. யாரை எச்சரித்தார் என்று அக்காவிடம் கேட்டேன்.

"என்னயத்தாம்ல. அயர்ன் பாக்ஸ மாட்டிருவேன்னு பயம்" என்றாள்.

அட்டை கட்டிய மூன்றாம் நாள் உங்களுக்கு நெஞ்சு வலித்தது. வேலை பாதியில் நின்றதா, முடிந்ததா என்று கேட்க நீங்கள் திரும்பி வரவில்லை. மகள் ரீனா வாங்கி வைத்துவிட்டுப் போன கம்ப்யூட்டரும் பிராட்பேண்டும் தூசி படிந்து கிடந்தன. இன்டர்நெட்டில் வரும் பாட்டைக் கஞ்சித்தண்ணி என்று கேலி செய்த மனிதர், அதற்கென்று தனி எர்த் போட ஏன் இறங்கினீர்கள்? அதுவும் எனக்குத் தெரியாது.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் நீங்கள் வைக்கும் பாட்டு தெருமுனைவரை கேட்கும். இப்போது அந்த வீட்டில் சுவர்க் கடிகாரம்தான் பேசுகிறது. உங்கள் கேசட்டுகளை அக்கா தொடுவதில்லை. எதைப் போட்டாலும் அடுத்த பாட்டு என்னவென்று முன்னாடியே தெரிந்துவிடுகிறதாம். "வருஷப் பூச முடியட்டும். வீட்டப் பூட்டிட்டு ரீனாகிட்ட பெங்களூருக்குப் போயிருதேன்" என்றாள். நாலாவது மாடி, கதவைத் திறந்தால் எதிரே இன்னொரு கதவு. அங்கே அவள் எப்படி இருப்பாள் என்று உங்களுக்குத் தெரியும்.

"பாட்டுப் பெட்டி பாடினால் இருப்பாயா?" என்று கேட்டேன்.

"பாடட்டும், பாப்போம்."

உங்களோடு ஒரே ஷிப்டில் பதினெட்டு வருடம் வேலை பார்த்த முனிராஜைக் கெலமங்கலத்திலிருந்து வரச் சொன்னேன். அவர் அட்டையைப் பார்த்ததும் இரண்டடி பின்வாங்கினார். நான் கையை நீட்டினேன்.

"பேட சார், பேட! தொடாதீங்க. டேக் போட்டவருதான் எடுக்கணும்."

"அவர்தான் இல்லையே, முனிராஜ்."

"அதுக்காவ?"

உங்கள் தொழிலில் அது வேதம் என்பதை அன்றுதான் புரிந்துகொண்டேன். ஆகவே சமையலறையிலிருந்து ஒரு நீண்ட ஒயரை இழுத்து ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுத்தோம். கம்ப்யூட்டர் ஹாலின் மறுகோடியில். இரண்டுக்கும் நடுவே பாட்டு வரும் ஒயர். பாட்டு வந்தது. அதன் அடியில் ஒரு வண்டும் இரைந்துகொண்டே வந்தது. ஃபிரிட்ஜ் ஓடத் தொடங்கினால் வண்டு, தொப்பூர் கணவாய் ஏறும் லாரியாகிவிடும்.

விட்டுவிடவில்லை. பாட்டு வரும் இன்டர்நெட் ரேடியோவின் வலைப்பக்கத்தில் வேகம் முப்பத்திரண்டு கிலோபிட் என்று இருந்ததை நூற்றிருபத்தெட்டுக்கு மாற்றினோம். பாடகருக்கு ஜலதோஷம் நீங்கியது. கம்ப்யூட்டரில் சத்தத்தை முழுதாக வைத்து, ஆம்ப்ளிஃபயரில் அளவாகத் திருப்பினோம். ஸ்பீக்கர்களைச் சுவரை விட்டு ஒரு முழம் முன்னால் நகர்த்தியதும், குடத்துக்குள் கிடந்த தபேலா வெளியே வந்து உட்கார்ந்தது. வண்டு மட்டும் போகவில்லை.

முனிராஜ் அடுத்த வாரம் ஒரு சார்ட் பேப்பரைச் சுருட்டிக்கொண்டு வந்தார். ஐந்து முறை 'ஏன்' கேட்டால் எந்தக் கோளாறுக்கும் வேர் தெரியுமாம், கம்பெனி முறை. சுவரில் ஒட்டி எழுதினார்.

"பாட்டுல ஏன் இரைச்சல்? ரெண்டு பெட்டிக்கும் எர்த் வேற வேற. ஏன் வேற? ஒண்ணுக்கு கரண்டு சமையல்கட்டுல இருந்து வருது. ஏன் அங்கேர்ந்து வருது? ஹால் பாயிண்ட யூஸ் பண்ணல..."

நாலாவது ஏனுக்கு முன்னால் பேனாவை மூடினார்.

"எழுதுங்க, முனிராஜ்."

"டீ குடிச்சிட்டு எழுதலாம் சார்."

டீ குடித்தோம். சார்ட்டைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

பிறகு, பாட்டு கேட்கும்போது ஃபிரிட்ஜை அணைத்துவைத்துப் பார்த்தோம். லாரி நின்றது, இட்லி மாவு பொங்கி வழிந்தது. "பாட்டு வேணும்னா மாவு புளிக்கணும், மாவு வேணும்னா பாட்டு இரையணும். நல்லாருக்குல ஒங்க வேல!" என்றாள் அக்கா. வருஷப் பூசைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பரணிலிருந்து சூட்கேஸை இறக்கித் துடைத்தாள்.

அதைப் பார்த்தபின் முனிராஜிடம் நேராகக் கேட்டேன். "அட்டை போட்டவன் வேலையை விட்டுப் போய்விட்டால், அந்த மிஷினை ஆயுசுக்கும் ஓட்டவே மாட்டீர்களா?"

அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார். "அதுக்கு ரூல் இருக்குது சார். ஒண்ணு, ஆளு பிளாண்டுக்குள்ள இல்லைன்னு உறுதி பண்ணணும். ரெண்டு, அவர காண்டாக்ட் பண்ணப் பாத்திருக்கணும். மூணு, அவரு திரும்ப டூட்டிக்கு வர்றதுக்குள்ள, டேக் எடுத்துட்டோம்னு அவருக்குச் சொல்லியாவணும்."

"இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை?"

"நீங்க கேக்கல சார்."

நான் முன்பே கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமை ஒரு தாளில் மூன்று வரியையும் எழுதி எடுத்து வந்தார்.

"ஆள் இல்லன்னு யாரு சொல்லணும்?" அக்கா கேட்டாள்.

"ஏரியா இன்சார்ஜுங்க. இங்க நீங்கதாங்க்கா."

அக்கா ஹாலைச் சுற்றிப் பார்த்தாள். உங்கள் நாற்காலி, ஜன்னல், வாசல். வாசலில் கொஞ்சம் அதிக நேரம். கல்லறைத் தோட்டத்தில்கூட அவள் வாயிலிருந்து வராத வார்த்தை அப்போதுதான் வந்தது.

"வீட்டுல இல்ல. போயிட்டாங்க. எழுதிக்கிடுங்க."

முனிராஜ் எழுதினார். உங்களைக் கூப்பிட்டுப் பார்த்தோமா என்னும் இரண்டாவது வரியை வாசிக்காமல் தாளை அக்கா பக்கம் திருப்பினார். அக்காவே எட்டிப் பார்த்துச் சொன்னாள். "தெனம் ஜெபத்துல கூப்புட்டுக்கிட்டுதான இருக்கேன். பதில் இல்லன்னு போடுங்க."

மெயினை அணைத்தார். அட்டையை அவிழ்த்து அக்காவின் கையில் கொடுத்தார். பாயிண்டைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தவர் திடீரென்று கத்தினார். "முடிச்சிட்டாரு சார்! ஒயரு, எர்த்து எல்லாம் டைட்டு. டேக் எடுக்கறது ஒண்ணுதான் பாக்கி!"

முடித்துவிட்டு ஏன் எடுக்கவில்லை, அத்தான்? அவ்வளவு பெரிய அயர்ன் பாக்ஸ் பயமா?

இரண்டு பெட்டியையும் உங்கள் பாயிண்டில் மாட்டினோம். வண்டு இல்லை. அந்தத் துல்லியத்தில் முதலில் கேட்டது மூட்டுவலித் தைல விளம்பரம். மூவரும் எழுந்து நின்று கேட்டோம். அடுத்து வந்த பாட்டில் அந்தப் பெண் பல்லவிக்கு முன் மூச்சு இழுப்பது கேட்டது. நடுவில் ஃபிரிட்ஜ் ஓடி நின்றிருக்கிறது, யாருக்கும் தெரியவில்லை.

"அடுத்து என்ன பாட்டு வரும்?" என்றாள் அக்கா.

"தெரியாதுங்க்கா."

"அதாம் வேணும். போற போக்குல அந்தச் சூட்கேஸப் பரண்ல ஏத்திட்டுப் போங்க."

வெளியே நீங்கள் உப்பும் கரியும் போட்டு மூடிய எர்த் குழிக்கு வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டுமாம். நான் ஊற்றுகிறேன், இது என் வாக்கு. கோடையிலும் ஊற்றுவேன், எனக்குக் கிடைக்கும் தண்ணீரில் பங்கு போட்டு.

தாளில் மூன்றாவது வரிக்கு எதிரே முனிராஜ் இடம் விட்டு வைத்திருக்கிறார். இந்தக் கடிதத்தில் உங்களுக்குச் சொல்லியாயிற்று. அங்கே நான் கையெழுத்துப் போடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் ஸ்டெல்லாவின் தம்பி,
என்றும் உங்கள் மைத்துனன்.