லெட்சுமணன் வெட்டிய காட்டுச் செடிகள்

சாஆ ரப்பர் தோட்டம்,
ஆவணி, 1943

அன்பு மகள் சந்திரமதிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் முருகன் புண்ணியத்தில் மூச்சோடு இருக்கிறோம், தைப்பிங்கில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாயிருக்க வேண்டும். இதைத் தபாலில் போடவில்லை, லாரிக்கார அர்ச்சுனனிடம் கொடுக்கிறேன். அவனையும் முழுக்க நம்பவில்லை, ஒட்டிய பசை பிரிந்திருந்தால் அவன் கையில் பதில் கொடுக்காதே.

அம்மாவுக்குக் கால்வீக்கம் குறையவில்லை, மூன்று வேளையும் மரவள்ளிதான். சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் ஆள் பிடிக்கிறார்கள் என்று உன் தம்பி லெட்சுமணன் தோட்டத்துக்குப் பின்காட்டில், ஓடையோரம் குடிசை போட்டு ஒளிந்திருந்தது உனக்குத் தெரியும். போன மாதம் நம் வேலைக்காட்டை மேற்பார்க்கிற மண்டோர் செல்லப்பன் ஒரு பொட்டலம் உப்போடு வந்து, பையனக் கண்டு ரொம்ப நாளாச்சேண்ணே என்றான். கேட்காமல் உப்புத் தருகிறவனை எப்படி நம்புவது? மறுநாளே காட்டுக்குப் போனேன். தோட்டத்தில் பழகிய கை சும்மா இருக்குமா, குடிசையைச் சுற்றியும் வழி நெடுகவும் துரை பார்க்க வருவதுபோல் சுத்தமாகப் புல்வெட்டு வேலை செய்து வைத்திருக்கிறான். பாம்பு வரும்ப்பா, வெட்டுனா வளந்துரும் என்கிறான். வெட்டவெளியில் முளைக்கிற லாலான் புல் வளரும், காட்டுத் தரைச் செடி வளருமா? வெயிலே காணாதது அது. மரங்களின் சந்தில் ஒழுகும் கொஞ்ச வெளிச்சத்துக்காக இலைகளை அகலமாக, ஒன்றை ஒன்று மறைக்காமல் விரித்துக்கொண்டு, வருஷம் முழுக்க உதிர்க்காமல் கஞ்சத்தனமாகப் பிழைக்கிறது. புது இலை ஒன்று விட மாதக்கணக்காகும். அவன் முதலில் வெட்டிய இடமே இன்னும் மொட்டையாகக் கிடக்கிறது, கண்ணுள்ளவன் எவனும் நேரே குடிசைக்கு வந்துவிடலாம். போதாததற்கு, அவன் போகாத பக்கத்திலும் செடிகள் மிதிபட்டு, இலைகளின் அடிச்சிவப்பு மேலே தெரியப் புரண்டு கிடந்தன, வேறு யாரோ வந்து பார்த்துப் போயிருக்கிறார்கள். அப்போதே அவனைக் கிளப்பிவிட்டேன். எங்கே போகிறாய் என்று என்னிடமும் சொல்லாதே என்றேன், அடி தாங்குவேன் என்ற நிச்சயம் எனக்கில்லை. பிள்ளையைத் துரத்திவிட்டேன் என்று அம்மா இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

அடுத்த வாரமே ஜப்பான்காரர்கள் வந்து குடிசையைக் கொளுத்தினார்கள். காட்டிக்கொடுத்தது செல்லப்பன்தான் என்று இருந்தேன், ஆனால் அன்றைக்கே அவனையும் சயாம் லாரியில் ஏற்றிவிட்டார்கள். அப்புறம்தான் உன் போன கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். தம்பி இன்னும் ஓடையோரந்தானா என்று கேட்டிருக்கிறாய். கேட்டது நீயா, ஜப்பான் ஆபீசில் வேலை பார்க்கும் மாப்பிள்ளையா? இதை அவரும் படிக்கட்டும், மறைக்காதே. தம்பி இருக்கும் இடம் இனி நம் வீட்டில் யாருக்கும் தெரியாது. பெற்ற மகளைச் சந்தேகப்பட வைத்துவிட்டதே இந்தக் காலம்.

நீ தீர்க்க சுமங்கலியாய் இரு, குழந்தைக்கு நூறு வயசு. மழைக்குளிரில் அதை வெளியே கொண்டுபோகாதே. பதில் எழுதும்போது தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காதே. நீ கேட்காமலிருந்தால்தான், போன கடிதத்தில் கேட்டது நீயில்லை என்று நம்பி நான் தூங்குவேன்.

உன் அப்பா,
சடையன்