சில்க்போர்க் ஏரியில் அடக்கிய மூச்சு

9.11.85, சனி. சில்க்போர்க், டென்மார்க். மழை, குளிர்.
ஏரிக்கு அடியில் ஒரு பழைய மரப்படகு. விறகேற்றிப் போனபோது மூழ்கியதாம், யாருடைய பாட்டன் காலத்திலோ. முக்குளிக்கும் கழகத்து ஹென்ரிக் கூட்டிப்போனான். மன்னாரில் சங்கு குளித்தவன் என்று அவனிடம் பீற்றிக்கொண்டேன், அதன் பலன்.

முதுகில் காற்று சிலிண்டர். கீழே கும்மிருட்டு. உடம்பெல்லாம் விறைப்பு. விளக்கு வெளிச்சத்தில் படகின் விலாமரம் தெரிந்ததும் வெலவெலத்துப்போய், ஊர்ப் பழக்கத்தில் நெஞ்சு நிறைய மூச்சை அடக்கிக்கொண்டு மேலே கிளம்பிவிட்டேன். ஹென்ரிக் காலைப் பிடித்து நிறுத்தி வயிற்றில் குத்தினான். குமிழி வந்த பிறகுதான் விட்டான்.

கரையில் சொன்னான்: "சிலிண்டர் காற்றை அடக்கிக்கொண்டு ஏறினால் நுரையீரல் வெடிக்கும். விட்டுக்கொண்டே வா."

ஊரில் அடக்கினால் பிழைப்பு, இங்கே அடக்கினால் சாவு. என் நெஞ்சுக்கு இதை யார் சொல்வது?

12.11, செவ். காற்று.
கோழித் தொழிற்சாலையில் வேலை. கம்பளிக் காலுறை வாங்க வேண்டும். அரிசியும்.
சனிக்கிழமை மறுபடி இறங்கப்போவதை மனைவி ஸ்டெல்லாவிடம் சொல்லிவிட்டேன். பிள்ளைத்தாய்ச்சி, அழுதாள்.
"உங்களுக்கென்ன விசரே? ஆர் இறங்கச் சொன்னது?"
"இறங்காட்டி இங்க நான் ஆரடி? கோழி வெட்டுறவன்."
கடைசியில் அவளுடைய நிபந்தனை: என் கயிற்றை அவள் தம்பி அன்ரன் பிடிக்க வேண்டும். சரிதான். சங்கு குளிக்கிறவனின் இடுப்புக் கயிறு எங்களிடம் எப்போதும் மச்சானுக்குத்தான். அக்காவின் தாலியை நினைத்தாவது கையை விடமாட்டான்.
அன்ரன் இருக்கும் பிராண்டே ஊருக்கு ஃபோன்.
"அத்தான், எனக்கு நீந்தவே தெரியாது!"
"நீ இறங்க வேண்டாம். படகில இருந்து குமிழியைப் பார். நிண்டா இழு."

16.11, சனி. உறைபனி.
கயிற்று நுனி படகில் அன்ரன் கையில். இறங்கினேன். விலாமரத்தைத் தொட்டேன். சேறு கிளம்பி ஹென்ரிக்கும் மறைந்துபோனான். தனியே. எவ்வளவு நேரமோ.
திடீரென்று கயிறு இடுப்பை இழுத்தது. மேலே, வேகமாக. நெஞ்சு நிறையக் காற்று! செத்தேன் என்றே நினைத்தேன். மாதாவே, மாதாவே என்று வாயில் கடித்த ரப்பருக்குள்ளேயே கத்தினேன். கத்தக் கத்தக் காற்று வெளியே போயிற்று. உயிர் தப்பியது அதனால்தான்.

படகில் அன்ரன், உள்ளங்கை தோலுரிந்து, அழுதபடி.
"என்னத்துக்கடா இழுத்தனி? கொல்லப் பார்த்தியே?"
"குமிழி நிண்டிட்டுது அத்தான். கனநேரமா வரேல்லை."
அடக்கியிருந்தது எனக்கே தெரியாது.

17.11, ஞாயிறு. பேருக்கு வெயில்.
பூசை. எழுந்தேற்றம், குருவானவர் அப்பத்தை உயர்த்தும் நேரம். கோயில் முழுக்க அமைதி. ஸ்டெல்லா விலாவில் இடித்தாள்.
"மூச்சை விடுங்கோ."